சந்தா ஒரு பக்கம், வாக்கு ஒரு பக்கம்: மலையகத்தில் சங்கமும் கட்சியும்

அம்மாவின் பழைய சம்பளச் சிட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறோம். நீளத் தாள்கள், மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டன. மேலே வேலை செய்த நாட்களும் பறித்த கிலோக்களும் இருக்கும், கீழே கழிவுகள் வரிசையாக: ஊழியர் சேமலாப நிதி, பண்டிகை முற்பணம், தேயிலைத் தூள், கோயில் காசு, அப்புறம் சங்கச் சந்தா. அம்மா தன் வாழ்நாளில் ஒரு மாதம்கூடச் சந்தாவைக் கையால் எண்ணிக் கொடுத்ததில்லை. தோட்டக் காரியாலயமே சம்பளத்தில் பிடித்து மொத்தமாகச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். சங்கத்தின் தலைவர் கொழும்பில் அமைச்சராக இருப்பார், தேர்தல் வந்தால் அதே சங்கம் கட்சியாகி, தோட்டத்து வரிசை வீடான நம் லயத்து வாசலுக்கு வந்து வாக்குக் கேட்கும், நாமும் போடுவோம், திரும்பவும் அவர் அமைச்சராவார், அம்மாவின் சிட்டையில் அதே வரி திரும்பவும் வரும்.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இலங்கை மலையகத்துக்கு வெளியே இருப்பவர்கள் இதைக் கேட்டால் உடனே சொல்வது, "சங்கத்தையும் கட்சியையும் பிரித்து வைக்க வேண்டியதுதானே" என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் இந்த இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன என்று தெரியாமல் சொல்லும் பேச்சு அது. பிரித்திருக்கவே முடியாத காலம் ஒன்று இருந்தது. ஒட்டியிருந்ததால் உண்மையிலேயே பலன் கிடைத்த காலமும் இருந்தது. பிறகு ஒட்டு மட்டும் மிஞ்சி, சம்பள விஷயத்தில் பலன் இல்லாமல் போன காலம் வந்தது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இன்றைக்கு மலையகத்தில் சங்கம்–கட்சி உறவு பற்றிய பேச்சு எல்லாம் திட்டுவதிலோ துதிபாடுவதிலோ போய் முடிகிறது.

முதலில் ஆரம்பத்துக்குப் போவோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், கொழும்பில் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கத்தோடு கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அங்கே இந்தியத் தொழிலாளர்மீது வெறுப்பு கிளம்பியதும் விலகி, 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனம் தொடங்கினார். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுக்கும் காலம். அவர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடியே ஆட்களைச் சேர்த்தார். நடேசய்யர் சட்டசபையிலும் இருந்தார், சங்கத்தையும் நடத்தினார் என்பதைக் கவனியுங்கள். அப்போதே இரண்டும் ஒரே ஆள்தான். துரையோடு, அதாவது தோட்ட நிர்வாகியோடு, பேச வேண்டுமானால் துரை மதிக்கும் ஒரு பதவி தேவைப்பட்டது, அந்தப் பதவி வேண்டுமானால் தொழிலாளியின் வாக்கு தேவைப்பட்டது.

1939இல் நேரு இலங்கைக்கு வந்துபோன சூட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த வருடம் அதற்குத் தொழிற்சங்கப் பிரிவும் வந்தது. அந்த 1940 ஜனவரியில்தான் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அந்தப் போராட்டத்தில் முன்னின்றது சமசமாஜக் கட்சியின் சங்கம், காங்கிரஸ் அல்ல. அதையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இடதுசாரிச் சங்கங்களின் பங்கை மறந்துவிட்டு எல்லாவற்றையும் தொண்டமான் என்ற ஒரே குடும்பத்தின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

1947 பொதுத் தேர்தலில் மலையகத் தொகுதிகளில் காங்கிரஸ் வேட்பாளர்கள் வரிசையாக வென்றார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. காங்கிரஸ் போட்டியிடாத பல இடங்களில் தோட்டத் தொழிலாளி இடதுசாரிகளுக்குப் போட்டார், அவர்களும் ஜெயித்தார்கள். கொழும்பில் ஆட்சிக்கு வந்தவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது: சங்கத்தில் ஒழுங்காகத் திரண்ட மக்கள் வாக்குச்சாவடிக்கும் ஒழுங்காகப் போவார்கள், அவர்கள் எங்கே சாய்கிறார்களோ அங்கே தொகுதி சாயும். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். குடியுரிமை இல்லை, ஆகவே வாக்கும் இல்லை. 1952இல் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தார்கள், பாராளுமன்றத்துக்கு ஒருவரையும் அனுப்ப முடியாத நிலைதான் மிஞ்சியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிரிட்டனில் 1900இல் சங்கங்கள் கூடித் தங்களுக்கென்று தேர்தல் குழு அமைத்தன, அதுதான் பிறகு தொழிற்கட்சி ஆனது. அங்கே சங்கத்தில் இருந்த தொழிலாளி குடிமகன், அவருடைய வாக்கைத் திரட்டுவதுதான் வேலை. நம்மிடம் கதை தலைகீழ். வாக்கைப் பிடுங்கிவிட்ட பிறகு தோட்டத் தொழிலாளியிடம் மிஞ்சிய ஒரே அமைப்பு சங்கம். குடியுரிமை இல்லாதவன் கட்சி வைத்து என்ன செய்வான்? ஆனால் சங்கத்தில் உறுப்பினராகலாம், சந்தா கட்டலாம், கொழுந்து பறிக்க மாட்டேன் என்று உட்காரலாம். அதனால் பிறப்பு, இறப்பு, பதிவுத் துண்டு, இந்தியாவா இலங்கையா என்ற விண்ணப்பம், பொலிஸ் கேஸ், லயத்துக் கூரை ஓட்டை என்று ஒரு அரசாங்கக் கந்தோர் செய்ய வேண்டிய அத்தனையையும் சங்கக் காரியாலயம் செய்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் என்ற பெயர் போய் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. பிறகு அப்துல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசைத் தொடங்கினார். எந்தப் பெயரில் இருந்தாலும் சங்கம்தான் நமக்குக் கட்சி, சங்கம்தான் கிராம சபை, சங்கம்தான் கச்சேரி.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. குடியுரிமை இல்லாத 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் முடிவெடுத்தன. பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களின் பிரதிநிதிகள் யாரும் அந்த மேசையில் இல்லை. பாராளுமன்றத்தில் தொண்டமான் இருந்தது நியமன உறுப்பினராக, அதாவது ஆளும் கட்சி மனமிரங்கிக் கொடுத்த கதிரை. வாக்கு இல்லாத சங்கத்தின் எல்லை எது என்று அந்த ஒப்பந்தம் காட்டியது. அதனால், சங்கம் ஏன் அரசியலுக்குப் போனது என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் 1964ஐத்தான் சொல்வேன்.

எழுபதுகள் வேறு மாதிரியான காலம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமை ஆகின. பஞ்சம் வந்தது. என் பாட்டி அந்த வருடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவார். 1977 மே மாதம் தோட்டக் காணிகளைப் பிடுங்கிக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். அதே வருடம் ஜூலையில் நடந்த தேர்தலில், மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் மூன்றாவது ஆளாக வென்றார். முப்பது வருடத்துக்குப் பிறகு தோட்ட மக்களின் வாக்கில் ஒருவர் உள்ளே போனார். 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார்.

நான் சொல்ல வந்த விஷயத்தின் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. 1975இலிருந்து 1992 வரை தோட்டத்தின் முதலாளி யார்? அரசாங்கம். ஜனவசம என்று எங்கள் ஆட்கள் சொல்லும் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும்தான் தோட்டங்களை நடத்தின. சம்பளத்தைத் தீர்மானித்தது அமைச்சரவை. அந்த அமைச்சரவையில் தொழிலாளியின் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். காலையில் அமைச்சர், மாலையில் வேலைநிறுத்தத் தலைவர். இது எப்படி நியாயம் என்று அன்றைக்கே கேட்டார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1984 ஏப்ரலில் தான் இருக்கும் அரசாங்கத்துக்கு எதிராகவே தொண்டமானும் மற்றச் சங்கங்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோட்டங்கள் அப்படியே நின்றன, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. அதுவரை ஒரே மலையில் ஒரே மழையில் நின்ற பெண்ணுக்குக் குறைவாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த மாதச் சிட்டையை நினைவாகச் சொல்வார், அப்பாவுக்கும் தனக்கும் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, ஒரே எண் வந்ததாக.

1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை, காலை நேரத்தில் வேலைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்து கும்பிட்டார்கள், அவ்வளவுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆள் இல்லை, கொழுந்து செடியிலேயே முற்றியது. சில நாட்களிலேயே அரசாங்கம் இறங்கிவந்து, நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டத்தை அந்த வருடமே கொண்டுவந்தது. 1988இல் இன்னொரு சட்டம், மிச்சசொச்சத்துக்கு 2003இல் மற்றொன்று. தெருவில் வேலைநிறுத்தம், உள்ளே அமைச்சர் கதிரை, இரண்டும் ஒரே முதலாளியை இரண்டு பக்கமும் அழுத்தின. சங்கம்–கட்சி உறவு என்றால் அதன் உச்சம் இதுதான். இதை மறுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் அடையாள அட்டை அந்த உறவின் பலன்.

1992இல் அரசாங்கம் தோட்ட நிர்வாகத்தைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தது, சில வருடங்களில் பெரும்பான்மைப் பங்குகளையும் விற்றது. லயம் மாறவில்லை, தேயிலைச் செடி மாறவில்லை, கணக்கப்பிள்ளைகூட அதே ஆள்தான். ஆனால் முதலாளி மாறிவிட்டார். இப்போது சம்பளத்தைத் தீர்மானிப்பது அமைச்சரவை அல்ல, கம்பனிகள் சார்பில் பேசும் முதலாளிமார் சம்மேளனம். அமைச்சரவையில் எத்தனை கதிரை இருந்தாலும் அந்த மேசையில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. நம் சங்கங்களோ பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தன: யார் ஆட்சிக்கு வந்தாலும் உள்ளே போவது, அமைச்சு வாங்குவது, அதைக் காட்டி வாக்கும் சந்தாவும் சேர்ப்பது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1999 அக்டோபரில் காலமான பிறகு பேரன் ஆறுமுகன் தொண்டமானும் அதே வழியில்தான் நடந்தார். அவர் ஒருவரை மட்டும் சொல்வது நியாயமில்லை, எதிர்த்து வந்தவர்களும் அப்படித்தான். பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி, பழனி திகாம்பரத்தின் தொழிலாளர் தேசிய சங்கம், ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்த லங்கா ஜாதிக தோட்டத் தொழிலாளர் சங்கம் என்று ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கட்சி, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சங்கம்.

அமைச்சால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு சட்டத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்க முடியாதபடி அது தடுத்தது. அதாவது பக்கத்துக் கிராமத்துக்கு ரோட்டுப் போடும் சபை, அதே சபைக்கு வாக்களிக்கும் தோட்டத்து ஆளுக்கு ரோட்டுப் போட முடியாது. இந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்தில் குழாய், ரோடு, கூரைத்தகரம், வீடு எது வேண்டுமானாலும் ஒன்று துரையிடம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மத்திய அமைச்சு ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நம் சங்கத் தலைவரிடம் கேட்க வேண்டும். வேறு கதவே இல்லை. அதனால்தான் சங்கத்துக்குக் கட்சியும், கட்சிக்கு அமைச்சும் தேவைப்பட்டன. ஆசிரியர் நியமனங்கள் வந்தன, 2015க்குப் பிறகு தமிழ் முற்போக்குக் கூட்டணி காலத்தில் ஏழு பேர்ச் காணியோடு தனி வீடுகள் வந்தன. லயத்தில் பிறந்த ஒருவர் தன் பெயரில் காணி உறுதியை வாங்கிப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன், அதைக் கொச்சைப்படுத்த மாட்டேன்.

ஆனால் எங்கள் தோட்டத்தில் வீட்டுப் பட்டியல் எப்படித் தயாரானது என்பதையும் பார்த்திருக்கிறேன். தோட்டத் தலைவரின், அதாவது தோட்டத்தில் சங்கத்தின் கிளைத் தலைவரின், கையில் பட்டியல், தலைவர் எந்தச் சங்கமோ அந்தச் சங்கத்து ஆட்களின் பெயர் முன்னால். எங்கள் சித்தி அதற்கு முந்தின வருடம்தான் சங்கம் மாறியிருந்தார். மாறியதற்குக் காரணம் அரசியல் ஒன்றுமில்லை, காலில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத மாதத்தில் சங்கத்திலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்ற கோபம். கூரையில் தண்ணீர் ஒழுகும் வீடு அவருடையது, பட்டியலில் பெயர் இல்லை. தலைவரிடம் போய்க் கேட்டதற்கு, "உங்க சங்கத்துல போய்க் கேளுங்க தங்கச்சி" என்றாராம். ஒரு குடிமகளுக்கு அரசாங்கம் கொடுக்க வேண்டிய வீடு அது. உறவு நெருக்கமாகும்போது நடப்பது இது: சங்கம் மாறும் உரிமை என்ற, தொழிலாளியின் கையில் இருக்கும் மிகச் சின்ன ஆயுதம் மழுங்கிப்போகிறது.

சம்பளத்துக்கு வருவோம். தொண்ணூறுகளின் பின்பாதியிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் என்ற முறை வந்தது. கம்பனிகளோடு, தொழிலாளர் பக்கத்தில் கையெழுத்திட்டது மூன்று தரப்பு: இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், லங்கா ஜாதிக தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. 1999இல் வந்த திருத்தச் சட்டப்படி ஒரு தொழிலிடத்தில் நூற்றுக்கு நாற்பது பேரை உறுப்பினராக வைத்திருக்கும் சங்கத்தோடுதான் முதலாளி பேசியே ஆக வேண்டும், சின்னச் சங்கங்களுக்கு அந்த வாசல் அடைத்தது. எண்ணிக்கை முக்கியம் ஆனதும் சந்தா முக்கியம் ஆனது, சந்தாவைப் பிடித்துக் கொடுப்பதோ கம்பனியின் காரியாலயம். எதிரே உட்கார்ந்து பேரம் பேச வேண்டியவனின் கையிலேயே நம் சங்கத்தின் வருமானம் இருந்தது என்பதை நான் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் சிட்டையில் அந்த வரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

2015 தேர்தல் சமயம் 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை மேடையேறியது. கோரிக்கை சரியானது. ஆனால் அது பேச்சுவார்த்தை மேசையில் பிறக்காமல் தேர்தல் மேடையில் பிறந்தது, அதனால் எதிர்ச் சங்கமும் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று, எல்லாக் கட்சியும் வாக்குறுதி கொடுத்தன. 2018 கடைசியில் தோட்டங்கள் மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்கின. கொழும்பில் காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டை போட்டுக் கூடினார்கள். 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வந்தது அடிப்படை 700, அதன்மேல் 50. சரியாக 750. அதற்கு முன்பிருந்த மொத்தத்தோடு ஒப்பிட்டால் உயர்வு இருபது ரூபாய்தான் என்று பெண்கள் விரலில் எண்ணிச் சொன்னார்கள், பழைய 730இல் வரவுக்கும் கூடுதல் கிலோவுக்கும் இருந்த கொடுப்பனவுகளை எடுத்துவிட்டார்கள்.

அந்த 1,000 ரூபாய் கடைசியில் கூட்டு ஒப்பந்தத்தில் வரவே இல்லை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது, அடிப்படை 900, கொடுப்பனவு 100. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின, நீதிமன்றத்துக்கும் போயின. அப்போது சந்தோஷப்பட்ட நம்மில் பலர் இழந்தது என்ன என்று பார்க்கவில்லை. வர்த்தமானி நாட்சம்பளம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும், மழை நாளில் என்ன, அரைப்பேர் எப்போது, புல் வெட்டாத மலையில் இறக்கினால் என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்திலும் தோட்டத்துப் பேச்சிலும் தீர்ந்த விஷயங்கள். ஒப்பந்தம் போனதும் இவை துரையின் விருப்பத்துக்குப் போயின. 18 கிலோ இருந்த இடத்தில் 20 கேட்டார்கள், அது குறைந்தால் பாதிப் பேர் போட்டார்கள், முழு 1,000 ரூபாய் கைக்கு வராத மாதங்கள் வந்தன.

2024 மேதினத்தன்று கொட்டகலையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் கூட்டத்தில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நின்று 1,700 ரூபாய் சம்பளத்தை அறிவித்தார். முந்தின நாள்தான் வர்த்தமானி வந்திருந்தது. சங்கத்தின் மேதின மேடை, அரசாங்கத்தின் அறிவிப்பு, செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், பணம் கொடுக்க வேண்டியதோ அந்த மேடையில் இல்லாத கம்பனிகள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள், இடைக்காலத் தடை வந்தது, கடைசியில் செப்டெம்பரில் 1,350 அடிப்படை, 350 ஊக்கக் கொடுப்பனவு என்று முடிந்தது, அந்த 350 எல்லாருக்கும் வந்து சேரவும் இல்லை. 1984இல் தொண்டமான் செய்ததும் கொட்டகலையில் நடந்ததும் வெளியே ஒரே மாதிரித் தெரியும், இரண்டிலும் சங்கம் ஆட்சியோடு ஒட்டி நின்றது. ஆனால் 1984இல் எதிரே இருந்த அரசாங்கமே சம்பளம் கொடுக்கும் முதலாளி, பின்னால் தோட்டங்கள் நின்றுபோயிருந்தன. கொட்டகலையில் மேடை இருந்தது, கைதட்டல் இருந்தது, வேலைநிறுத்தம் இல்லை.

அந்த வருடம் நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்தபோது நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்திக்குப் போயிற்று. ஐக்கிய மக்கள் சக்தி வழியாகத் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும், ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் ஜீவன் தொண்டமானும் வந்தார்கள், அவ்வளவுதான். நுவரெலியாவிலும் பதுளையிலும் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் தேசிய மக்கள் சக்தியில் பாராளுமன்றம் போனார்கள். கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள், சங்கத்தில் மேலே இருப்பது பெரும்பாலும் ஆண்கள் என்ற நிலையில் இது சின்ன விஷயமில்லை. எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா சொன்னார், "சந்தா அவங்களுக்கு, ஓட்டு இவங்களுக்கு, எனக்கு ஒன்னும் கஷ்டமில்ல தம்பி" என்று. எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் ஐம்பது வருடமாக ஒன்றாகவே இருந்த சந்தாவும் வாக்கும் ஒரே வீட்டுக்குள் பிரிந்ததை நான் நேரில் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது ஆளும் கட்சியின் பக்கத்திலும் தோட்டச் சங்கம் இருக்கிறது, தேசிய மக்கள் சக்தியின் மூலக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணியோடு சேர்ந்த அகில இலங்கை தோட்டத் தொழிலாளர் சங்கம். இந்தக் கட்சிக்கும் நமக்கும் உள்ள பழைய கணக்கை மறைக்கக் கூடாது. தொடக்க காலத்தில் அது தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம், அதில் தோட்டத் தொழிலாளி அந்நியனின் கையாள் போலத்தான் காட்டப்பட்டார். அங்கிருந்து 2023 அக்டோபரில் ஹட்டன் பிரகடனம் வரை வந்திருக்கிறார்கள், மலையக மக்களின் காணி, வீடு, சம்பளம், அடையாளம் எல்லாவற்றையும் அதில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆளும் கட்சியின் சங்கத்தில் சேர்ந்தால் வேலை நடக்கும் என்ற பேச்சு தோட்டங்களில் மெல்லக் கேட்க ஆரம்பித்திருக்கிறது, அது பழைய பேச்சு, சித்தியிடம் தலைவர் சொன்ன பேச்சின் மறுபக்கம்.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வந்ததைப் பாருங்கள்: கம்பனிகள் 1,350ஐ 1,550 ஆக்க வேண்டும், அதன்மேல் அரசாங்கம் வருகைக்காக நாளுக்கு 200 ரூபாய் கொடுக்கும், ஆக 1,750. கஷ்டப்படும் குடும்பத்துக்கு அந்த 200 பெரிய காசு, வேண்டாம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் 1992இல் முதலாளி என்ற இடத்தை விட்டுப் போன அரசாங்கம், தனியார் கம்பனி கொடுக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு பங்கைத் திறைசேரியிலிருந்து எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்திருக்கிறது. இனி அந்த 200 கூடுமா குறையுமா என்பது ஒவ்வொரு பட்ஜெட்டிலும், ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சாகும். ஆகவே சங்கங்கள் கட்சிகளோடு இன்னும் நெருங்கத்தான் பார்க்கும், பிரித்து வைக்கச் சொல்பவர்கள் என்னதான் சொன்னாலும். நெருங்கட்டும். காணிக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் பாராளுமன்றத்தில் நம் ஆள் வேண்டும். நான் கேட்பதெல்லாம் இரண்டு விஷயம்: சந்தாவைத் துரையின் காரியாலயம் பிடிக்காமல் சங்கமே லயம் லயமாக வந்து கையில் வாங்கட்டும், வாங்கும்போது நான்கு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அமைச்சரானவர் சங்கத்தில் தலைவர், செயலாளர் பதவிகளை விட்டு இறங்கட்டும், அந்த இடத்துக்குக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் வரட்டும்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றேன். மழை. அக்கா சாக்கைத் தராசில் மாட்டினார், 19 காட்டியது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 3 கிலோ கழித்து 16 எழுதினார்கள். ஒரு வாரமாக மழை, ஒரு வாரமாக 3 கிலோ. அக்கா, "இதுல எங்கங்கய்யா மூணு கிலோ தண்ணி இருக்கு" என்று கேட்டார். எழுதுகிறவர் தலையை நிமிர்த்தவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் தோட்டத் தலைவரைத் தேடினார்கள். மூன்று சங்கத்துக்கும் எங்கள் தோட்டத்தில் தலைவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு ஹட்டனில் ஏதோ கூட்டம் என்று மூன்று பேரும் போயிருந்தார்கள்.